மேட்டில் ஒரு இருமல்

கார்களுக்குத் தீர்ப்பு எழுதியே வயிறு வளர்ப்பவனை வீட்டில் ‘ஜட்ஜ்’ என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு மோட்டார் பத்திரிகையில் மாதா மாதம் இரண்டு வண்டிகளை எதிரெதிரே நிறுத்தி, இது தேவலை, அது தண்டம் என்று அடித்துச் சொல்வது அவன் வேலை. அவன் எழுதியதைப் படித்துவிட்டு யார் யாரோ பெரிய பெரிய வண்டிகளாக வாங்கினார்கள். அவன் வீட்டு வாசலில் நின்றது என்னவோ நாலு உதை வாங்கிக்கொண்டு கிளம்பும் ஒரு ஸ்கூட்டர்தான்.

அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் அத்தான். அக்காவின் கணவர், பல் டாக்டர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். அத்தானின் கை அவ்வளவு மெது. ‘ஊசி எப்போ டாக்டர் போடுவீங்க?’ என்று ஊசி போட்டு முடித்த பிறகு கேட்ட நோயாளிகள் உண்டு. வரவேற்பு மேஜையில் அக்கா உட்கார்ந்து வருபவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவாள். யாருக்குப் பயம் அதிகம் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அவர்களை முதலில் தள்ளிவிடுவாள், உட்கார வைத்தால் ஓடிவிடுவார்கள் என்று.

அத்தானிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மடக்கினால் மடங்கும் துணிக்கூரை, மழை பெய்தால் அந்தக் கூரை வழியாகவே முழங்காலில் சொட்டும் தண்ணீர். படிப்பு முடித்த கையோடு வாங்கியது. அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அது ஏற்கெனவே அங்கே குடியிருந்தது. ‘என் மூத்தாள்’ என்றுதான் அக்கா அதைச் சொல்வாள். மூத்தாளுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் நடக்கும்போது இளையாள் தனியாகக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மழை நாளில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அத்தான் பிரேக்கை மிதித்து மிதித்து, கார் சறுக்கிக்கொண்டே போய், வேனின் பின்கதவை முத்தமிடாத குறையாக நின்றது. பக்கத்தில் அக்கா. அந்தக் காரில் சீட் பெல்ட்டும் கிடையாது, காற்றுப் பையும் கிடையாது. கும்பிட வேண்டிய தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். அத்தான் வீட்டுக்கு வந்து அதை ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“டேய் தம்பி, நீ சொன்னாத்தான்டா அவரு கேப்பாரு” என்றாள் அக்கா, ஒரு மத்தியானம், கிளினிக் காலியாக இருந்த நேரத்தில். “நான் சொன்னா பொறாமைங்கறாரு. ஒரு காரு மேல எனக்கென்னடா பொறாமை? கண்ண மூடினா அந்த வேனோட பின்கதவுதான் வருது. எப்படியாவது அத விக்க வெச்சுடு.”

“சரிக்கா, பாத்துக்கறேன்.”

“பாத்துக்கறேன் கீத்துக்கறேன்லாம் வேணாம். செஞ்சு குடு.”

அக்கா அவனிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். ஜட்ஜ் அன்றே ஒரு வழி யோசித்துவிட்டான். பத்திரிகைக்குப் பரிசோதனைக்காக வந்திருந்த ஒரு புது செடானை ஓட்டிக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போவது. பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் புது செடானையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை. எழுத எழுத எது நல்லது என்று அத்தானுக்கே புரிந்துவிடும். ஒரே கல்லில் அக்காவுக்கு நிம்மதி, பத்திரிகைக்கு விஷயம்.

அத்தான் குஷியாகிவிட்டார். “வா மச்சான், வா. கட்டிலும் மெத்தையுமா ஒரு வண்டிய கொண்டு வந்திருக்கே. ஓடுமா, இல்ல படுத்துத் தூங்கிடுமா?”

செடான் நிஜமாகவே நல்ல வண்டி. பொத்தானை அமுக்கினால் கிளம்பும். கிளம்பியது என்பது மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்தால்தான் தெரியும். கியர் தானே மாறும். பின்னால் எடுக்கும்போது திரையில் தரையே தெரியும். கதவைச் சாத்தினால் தெருவே வாயைப் பொத்திக்கொண்டது போல இருக்கும். டிக்கியில் ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்செல்லாம் அடங்கும். பழைய காரில் ஒரு பெட்டியை வைத்தால் அத்தானை வெளியே வைக்க வேண்டியிருக்கும். அதைக் கிளப்புவதே ஒரு வைபவம்: பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்கணும், பெட்ரோல் வாசனை வரும்வரை காத்திருக்கணும், பெடலை இரண்டு தரம் கொஞ்சணும். முதல் கியருக்குப் போகும்போது காலால் ஒரு தாளம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கடிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை ஞாபகம் வைத்திருக்கும்.

ஆனால் அதை ஓட்டி முடித்து இறங்கும்போது யாராக இருந்தாலும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். ஜட்ஜும் பார்த்தான். செடானை விட்டு இறங்கியபோது சாவி எந்தப் பாக்கெட்டில் என்றுதான் பார்த்தான். இதை அவன் எழுதிக்கொள்ளவில்லை.

“மார்க்கெல்லாம் நீ போட்டுக்க மச்சான்” என்றார் அத்தான் சாப்பாட்டு மேஜையில். “பிரேக்குக்கு அதுக்கு நூறு, இதுக்கு முட்டை. ஒத்துக்கறேன். பாதுகாப்பு, சொகுசு, மைலேஜ், எல்லாத்துலயும் இது ஃபெயிலு. எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான். ஊருக்கு வெளியில அந்த டவர் மேடு இருக்குல்ல? அதுல என் வண்டி முக்காம முனகாம ஏறும். ஒரே ஒரு தடவை இருமட்டும். மறுநாளே வித்துடறேன்.”

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். “நிஜமா?”

“நான் எப்பவாவது உன்கிட்ட வாக்கு மாறியிருக்கேனா?”

மாறியதில்லை. அதுதான் அவருடைய பலவீனம் என்று ஜட்ஜ் அப்போது நினைத்தான்.

அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் அந்த இரண்டும் ஒரே அளவாக ஊட்டியாக வேண்டும். ஒன்று பெட்ரோலில் கஞ்சத்தனம் காட்டினால், சமதரையில் சமாளித்துவிடும். மேட்டில் மூச்சுமுட்டி இருமும். அளவை மாற்ற ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு பக்கமுள்ள ஒரு சின்ன நட்டு. கண்ணுக்குத் தெரியாத இடம். மெக்கானிக்குகள் கண்ணாடியும் விளக்கும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். அத்தான் கையை உள்ளே விட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே, விரல்நுனியால் பக்கங்களை எண்ணித் திருப்புவார்.

“கடவாப் பல்லுக்குப் பின்னாடி என்ன கண்ணா தெரியுது? எல்லாம் இதுதான்” என்று விரலை ஆட்டிக் காட்டுவார்.

பரீட்சை நாள் காலையிலும் அப்படியே செய்து முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கன்னம் வீங்கிய ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். விடுமுறை நாள்தான், ஆனால் பல்வலிக்கு அது தெரியாதே. அத்தான் ஸ்பானரைத் துணியின் மேல் வைத்துவிட்டு, “ரெண்டு நிமிஷம் மச்சான்” என்று உள்ளே போனார்.

பானெட் திறந்தே கிடந்தது. ஸ்பானர் பக்கத்திலேயே இருந்தது. நேர்மையாகப் பார்த்தால் செடான்தான் ஜெயிக்கும். எந்த மார்க் பட்டியலிலும் அதுதான் ஜெயிக்கும். அத்தான் ஒப்புக்கொள்ளாத ஒரே பட்டியல் அந்த மேடு. அதையும் முடித்துவிட்டால் அக்கா தூங்குவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஜட்ஜ் கையை உள்ளே விட்டான். பெட்ரோல் குறையும்படி பின் கார்புரேட்டரின் நட்டை இரண்டு பக்கம் மேலே ஏற்றினான். கையை எடுத்தபோது விரலில் கொஞ்சம் கரி. அதைச் சட்டையின் உள்பக்கம் துடைத்துக்கொண்டான். வெளிப்பக்கம் துடைத்திருந்தால் மறைக்கிறோம் என்ற எண்ணம் வந்திருக்காது. உள்பக்கம் துடைத்ததால் வந்துவிட்டது.

மேட்டடிவாரம் வரை ஜட்ஜ் பழைய காரையும் அத்தான் செடானையும் ஓட்டினார்கள். அதுவும் ஜட்ஜின் ஏற்பாடுதான். குறை தெரியாமலிருக்க சோக்கை இழுத்த நிலையில் கொஞ்ச தூரம், பிறகு மெதுவாக, ஒரு சத்தமும் வராமல் ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். அடிவாரத்தில் வண்டி மாற்றிக்கொண்டார்கள். செடான் முன்னால் ஏறி உச்சியில் போய் நின்றது. ஏறியதே தெரியவில்லை. ஜட்ஜ் இறங்கி, கீழே வளைந்து வரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கரும்பச்சைப் புள்ளி முதல் வளைவில் பாடிக்கொண்டு வந்தது. இரண்டாவது வளைவிலும் குறையில்லை. ஒரு கணம் அவனுக்கே, இருமாமல் வந்துவிடட்டும் என்று தோன்றியது. மூன்றாவது வளைவின் செங்குத்தில் அது இருமியது. ஒரு தடவை அல்ல. இருமி, துப்பி, நின்று, மறுபடி இருமி, உச்சிக்கு வந்து சேரும்போது பெருமூச்சு விட்டது.

அத்தான் இறங்கி பானெட்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டு வானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இடறியது.

“ரெண்டு பக்கம் மேல இருக்கு” என்றார். “காலைல நான்தானே வெச்சேன். சரியாத்தானே இருந்துது.” மறுபடி கையை விட்டுத் தடவினார். “சரியா இருந்துதுன்னு நெனச்சிருக்கேன்.”

யார் தொட்டது என்று அவர் கேட்கவில்லை. அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை. கேட்டிருந்தால் ஜட்ஜ் சொல்லியிருப்பானோ என்னவோ. அவர் கேட்காததால் அவனுக்குக் கோபம்கூட வந்தது. அந்தப் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவன் ஒன்று சொன்னான்.

“விடுங்க அத்தான். வயசாகுதுல்ல.”

அத்தான் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு பானெட்டைச் சாத்தினார்.

சொன்ன வாக்கு தவறவில்லை. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் வந்து, பேரமே பேசாமல் காரை வாங்கிக்கொண்டு போனார், தன் அலுவலகத்துக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைப்பதற்கு. அந்த இடத்தில் ஒரு வெள்ளை செடான் வந்து நின்றது. அக்கா ஜட்ஜுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். கட்டுரையும் வந்தது. மேட்டில் கிழவி இருமிய இடத்தை ஜட்ஜ் நன்றாகவே எழுதியிருந்தான். ஆசிரியர் கூப்பிட்டு, அந்தப் பத்தியில் விழுந்து விழுந்து சிரித்தேன் என்றார். ஜட்ஜும் போனில் சிரித்தான்.

அவனுக்குள் ஒரு வக்கீல் இருந்தான். தினமும் எழுந்து வாதாடுவான்: அக்கா உயிரோடு இருப்பது முக்கியமா, ஒரு நட்டு முக்கியமா? நல்ல வாதம்தான். தினமும் வாதாட வேண்டியிருந்ததே என்பதுதான் உறுத்தியது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டான். மனைவி ஏன் என்று கேட்டதற்கு, தோல் பட்டை அரிக்கிறது என்றான். பொய் சொல்வது பழகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அக்கா போன் செய்தாள்.

“தம்பி, அத்தான் கிளினிக்க மூடப் போறாராம்டா.”

“என்னக்கா சொல்றே?”

“பல்லு புடுங்கறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. எல்லாத்தையும் வேற டாக்டர்கிட்ட அனுப்பிடறாரு. வெறும் சுத்தம் பண்றது மட்டும்தான் செஞ்சிட்டிருந்தாரு. நேத்து அதுவும் வேணாம்னுட்டாரு. கேட்டா, விரலு பொய் சொல்லுதுங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நல்லவேளை, காரு விஷயத்த நீ முன்னாடியே முடிச்சே. இந்தக் கையோட அத ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

ஜட்ஜ் போனை வைத்தான். அவனுக்குள் இருந்த வக்கீல் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. மேட்டில் தோற்றது கார் என்று அவன் நினைத்திருந்தான். அத்தான் தன் கார்புரேட்டரைத் தொட்டதும் அதே விரல், நோயாளியின் வாயைத் தொட்டதும் அதே விரல். ஒன்று தப்பென்றால் இன்னொன்று மட்டும் எப்படிச் சரி? இவ்வளவு எளிய கணக்கு கார் நிபுணருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஜட்ஜ் போய்ச் சேர்ந்தபோது கிளினிக்கில் அத்தான் கருவிகளைத் துடைத்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு இளம் பெண் டாக்டர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாளாம்.

“வா மச்சான். என்ன, முகமே சரியில்லையே. பல்லு வலியா?”

“அத்தான், நான்தான் அந்த நட்டத் திருப்பினேன்.”

அத்தான் துடைப்பதை நிறுத்தவில்லை. “எந்த நட்டு?”

“பின் கார்புரேட்டர். ரெண்டு பக்கம். அன்னிக்கி நீங்க கன்னம் வீங்கினவரப் பாக்க உள்ள போனீங்கல்ல, அப்ப. நீங்க வெச்சது சரியாத்தான் இருந்துது. நான்தான் கெடுத்தேன். உங்க விரல்ல ஒரு தப்பும் இல்ல.”

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அத்தான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வலிக்கவில்லை என்று சொல்லும் முகத்தில் வலியைக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவர். அவரிடம் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல முடியாது. நிஜத்தையும் ஒளிக்க முடியாது.

“உங்க அக்கா சொன்னாளா?”

“விக்க வெய்யின்னு மட்டும்தான் சொன்னா. இது அவளுக்குத் தெரியாது.”

“தெரிய வேணாம்” என்றார் அத்தான். துணியைக் கீழே வைத்துவிட்டு, “மேட்டு மேல நிக்கும்போது சொல்லியிருக்கலாமே. அதுக்கப்புறம் எத்தன நாளு இருந்துது” என்றார்.

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று ஜட்ஜ் தயாராக வந்திருந்தான். அவர் திட்டவில்லை. அவர் முகத்தில் மெல்ல வேறொன்று வந்துகொண்டிருந்தது. தன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மடக்கி, யாரோ தொலைத்துவிட்ட பொருளைத் திருப்பிக் கொடுத்தது போல அதையே பார்த்தார்.

“அப்ப நான் வெச்சது சரி.”

“சரிதான் அத்தான். நூத்துக்கு நூறு சரி.”

“உக்காரு” என்றார், நாற்காலியைக் காட்டி. “உக்காருன்னா உக்காரு. பாத்துடுவோம்.”

பெட்டியில் அடுக்கியவற்றிலிருந்து சிலதைத் திரும்ப எடுத்தார். கையைக் கழுவினார். கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொள்ளும்போது மூக்கால் ஏதோ பாட்டை முனகினார். சரியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஜட்ஜ் நினைத்தான். நாற்காலி சாய்ந்தது. விளக்கு எரிந்தது.

“வாயத் திற.”

திறந்தான். பல்லுக்குப் பின்னால் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடி உள்ளே வந்தது. எதிலும் படாமல் போய்ப் படாமல் வெளியே வருவதுதான் அத்தான் கை. அது கடைவாய்ப் பல்லில் பட்டது. டிக். மறுபடி டிக். அப்புறம் நிற்காமல் டிக்டிக்டிக் என்று அடித்துக்கொண்டது. முகமூடிக்கு மேலே அத்தானின் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கண்ணாடியை வெளியே எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விட்டதும் மறுபடி ஆடியது. முன்பு ஆடாத கை அது. தப்புச் செய்யும் என்று இத்தனை நாள் அதனிடம் சொல்லிச் சொல்லி, அது கற்றுக்கொண்டுவிட்டது.

ஜட்ஜ் எழுந்திருக்கப் பார்த்தான். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தான். அத்தான் அவன் தோளைப் பிடித்து அழுத்தித் திரும்பப் படுக்க வைத்தார்.

“பேசாதே. வாயத் திற.”

திறந்தான். பார்க்கத் தைரியமில்லாமல் கண்களை இறுக்கிக்கொண்டான்.

“கண்ண மூடாதே மச்சான்” என்றார் அத்தான். “நீ பாக்கணும்.”

அவன் கண்களைத் திறந்தான். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை, சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி, மறுபடியும் அவன் வாயை நோக்கி வந்துகொண்டிருந்தது.